கோடு தப்பு என்று அந்தப் பெரியவர் எப்படிக் கண்டுபிடித்தார்?

கேள்வி இது: "என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் முழுதாகப் புதுப்பித்த 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், ஷெவெலின் வேக ரகம்) ஒன்று வாங்கினார். சிவப்பு வண்டி, பானெட்டிலும் டிக்கியிலும் இரட்டைக் கறுப்புப் பட்டை. கார் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது ஒரு பெரியவர் வந்தார், பானெட் மேல் ஒரு விரலை வைத்துக் குறுக்கே இழுத்தார், 'அழகான வண்டி, ஆனால் கோடு தப்பு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோட்டில் என்ன சார் தப்பும் ரைட்டும்? அதுவும் ஒரு விரலில் எப்படித் தெரியும்?"

விரலில்தான் தெரியும். கண்ணை நம்பினால் ஏமாந்துவிடுவோம். அந்தப் பெரியவர் ஒரு மேட்டைத் தேடினார், அது அவர் விரலுக்குத் தட்டுப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மேடு ஏன் இருந்திருக்க வேண்டும், எங்கே போனது என்று சொல்லப் போனால் கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். பிழைப்பு வேறு. சனி, ஞாயிறுகளில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஒரு சின்னப் பட்டறையில் எடுபிடி வேலை. நம்மூரில் டிங்கரிங், பெயிண்டிங் என்போமே, அதே சமாச்சாரம்தான்; பட்டி தேய்ப்பதில் தொடங்கி இப்போது மாஸ்கிங் டேப் ஒட்டும் அளவுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. அமெரிக்கர்கள் ஹூட், டிரங்க் என்பதை நான் நம் வழக்கப்படி பானெட், டிக்கி என்றே எழுதுகிறேன்.

உங்கள் நண்பரின் வண்டி 1970-ல் தொழிற்சாலையை விட்டு வந்தபோது ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அடித்துக்கொண்டிருந்தது அக்ரிலிக் லாக்கர் என்ற பெயிண்ட். ஃபோர்டும் கிறைஸ்லரும் எனாமல் பெயிண்ட் பக்கம் இருந்தார்கள். எதுவானாலும், நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு தெளிந்த பூச்சு, இன்று நாம் கிளியர் கோட் என்று சொல்வது, அப்போது கிடையாது. அது பரவலானதே 1980-களில்தான். ஆகவே சிவப்பு அடித்து, காய்ந்த பிறகு, மாஸ்கிங் ஒட்டி, அதன் மேலேயே கறுப்பைத் தெளித்தார்கள். டேப்பை உரித்தால் கறுப்பு விளிம்பு ஒரு மெல்லிய படிக்கட்டாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை வைத்து இழுத்தால் 'டக்' என்று தட்டும்.

இன்றைய பெயிண்டர் என்ன செய்கிறார்? சிவப்பு அடித்து, கறுப்புப் பட்டை அடித்து, எல்லாவற்றுக்கும் மேலே மூன்று நான்கு கை கிளியர் கோட் ஏற்றி, நீர்த்தாளால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, பஃப் போட்டுவிடுகிறார். கோடு கண்ணாடிக்கு அடியில் புதைந்துவிடுகிறது. விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. பெரியவருக்கு அந்த ஒரு வழுக்கலே போதுமானதாக இருந்திருக்கும்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்காக வாங்கிய வண்டி என்றால் புதைந்த கோடு ஒரு குற்றமே இல்லை. வெயிலில் வெளுக்காது, துடைக்கத் துடைக்கத் தேயாது, பாலிஷ் போடும்போது விளிம்பில் மெழுகு போய்ச் சேராது. 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது' என்று சொல்லி, அதற்கான விலை வாங்கும்போதுதான் அது தப்பாகிறது. சிகாகோவுக்குப் பக்கத்தில் ரோஸ்மாண்டில் நவம்பர் மாதம் நடக்கும் மசில் கார் (பெரிய எஞ்சின் வைத்த அந்தக் காலத்து அமெரிக்க வேக வண்டி) கண்காட்சியில் போய்ப் பாருங்கள். அங்கே நடுவர்கள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு கோட்டின் விளிம்பைப் பார்ப்பார்கள். நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றக் கூடாது. காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நீதிமன்றம் வரை போனவர்கள் நாம். கோட்டின் வளைவு எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

மசில் காரிலும் கோடு அப்படிப்பட்ட குடும்ப அடையாளம்தான். 1967 ஷெவர்லே கமாரோ இசட்/28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் ஓட்டத் தகுதி பெற வேண்டும் என்பதற்காக 302 கன அங்குல எஞ்சினோடு செய்த வண்டி. முதல் வருடம் செய்தது மொத்தமே 602. வண்டியின் வெளியே எங்கேயும் 'இசட்/28' என்று ஒரு பேட்ஜ் கிடையாது. இசட்-28 என்பதே ஆர்டர் படிவத்தில் இருந்த ஒரு எண்தான். தெருவில் போகிறவருக்கு அது சாதாரணக் கமாரோ இல்லை என்று சொல்லியவை பானெட்டிலும் டிக்கியிலும் இருந்த அந்த இரண்டு அகலப் பட்டைகளும் அவற்றை ஒட்டி ஓடும் மெல்லிய கோடுகளும்தான். பேட்ஜ் இல்லாத இடத்தில் கோடே பேட்ஜ்.

இந்த வண்டியில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு: பட்டையைக் கூரை மேலும் ஓட்டிவிடுவது. இசட்/28-க்குக் கூரையில் கோடு கிடையாது. பானெட்டில் தொடங்கி கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்; மறுபடி டிக்கியில் தொடங்கும். மூக்கிலிருந்து கூரை வழியாக வால்வரை ஓடுவது ஷெல்பி மஸ்டாங்கின் (ஃபோர்டு மஸ்டாங்கை ஷெல்பி நிறுவனம் வேக வண்டியாக மாற்றியது) 'லமான்' பட்டை. இரண்டையும் பார்த்துப் பழகிய கண்ணில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகிறது. வண்டியை உரித்து, உலோகம் தெரிய நிறுத்தியபிறகு, 'பட்டை எங்கே போகும்?' என்று கேட்டால் பட்டறையில் இருக்கும் அத்தனை பேரும் நினைவில் இருந்து ஒரு படம் வரைவார்கள். அந்தப் படம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

ஷெல்பியிலேயும் சிக்கல் உண்டு. 1965-ல் செய்த ஜிடி350 மொத்தம் 562. எல்லாமே விம்பிள்டன் வொயிட் என்ற வெள்ளை. கதவுக்குக் கீழே ஓரத்தில் கார்ட்ஸ்மன் ப்ளூ நீலத்தில் பெயரோடு ஓடும் கோடு. வெள்ளை வண்டியில் நீலக் கோடு என்பது அமெரிக்கப் பந்தய நிறம். 1950-களில் அமெரிக்கப் பந்தயக்காரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் பிரான்ஸின் லமான் பந்தயத்துக்குக் கொண்டுபோன வண்டிகளில் இருந்தது. இன்று யாரிடம் கேட்டாலும் 1965 ஜிடி350 என்றால் மேலே ஓடும் இரட்டை நீலப் பட்டையைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த மேல் பட்டை எல்லா வண்டிக்கும் வரவில்லை. அது கூடுதல் காசுக்குச் சேர்த்துக்கொள்ளும் அயிட்டம். விற்பனையாளர்களே தங்கள் கடையில் அடித்துக் கொடுத்ததும் உண்டு. கடைக்குக் கடை ஆள் வேறு, அளவு வேறு. 1966-ல் ஹெர்ட்ஸ் வாடகை நிறுவனத்துக்காகச் செய்த ஏறக்குறைய 1,000 வண்டிகளும் அப்படியே: கறுப்பில் தங்கம் என்று பெயர் வாங்கிவிட்டன, ஆனால் எல்லாம் கறுப்பும் இல்லை, எல்லாவற்றுக்கும் மேல் பட்டையும் இல்லை.

ஆக, புதுப்பித்த ஷெல்பியில் மேல் பட்டை ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இருந்ததா என்பதே முதல் கேள்வி. எப்படி இருந்தது என்பது இரண்டாவது.

உங்கள் நண்பரின் ஷெவெலுக்கும் அதே முதல் கேள்வி பொருந்தும். 1970 எஸ்எஸ் என்றால் பட்டை தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்எஸ் 396 என்பது இசட்25 என்ற ஆர்டர் எண். எஸ்எஸ் 454 என்பது இசட்15. பட்டைக்கு டி88 என்று தனி எண். பட்டை இல்லாமல் போன எஸ்எஸ் உண்டு. ஆனால் பட்டை இல்லாத எஸ்எஸ் ஏலத்தில் கொஞ்சம் மொட்டையாகத் தெரியும். அதனால் புதுப்பிக்கும்போது 'இதையும் போட்டுவிடுவோமே' என்று கை நீள்கிறது. வேட்டி வாங்கிவிட்டு நாமே கரை நெய்து சேர்ப்பது மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, உங்கள் நண்பர் வயிற்றில் புளியைக் கரைக்கும் நோக்கம் எனக்கு இல்லை. 1970 ஷெவெலில் அது எஸ்எஸ்-ஆ இல்லையா என்பதை வண்டியின் அடையாள எண் சொல்லாது. 13637 என்று தொடங்கினால் வி8 எஞ்சின் வைத்த மாலிபு (ஷெவெலின் ஒரு சாதாரண ரகம்) கூபே என்றுதான் பொருள். உண்மையான எஸ்எஸ்-ம் அப்படித்தான் தொடங்கும், சாதாரண மாலிபுவும் அப்படித்தான் தொடங்கும். 1968 வரை எஸ்எஸ்-க்கு 138 என்று தனித் தொடர் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அதனால் பேட்ஜும் பட்டையும் ஒட்டி மாலிபுவை எஸ்எஸ் ஆக்குவது இந்தத் துறையில் ரொம்ப காலமாக நடக்கிற தொழில். 'கோடு தப்பு' என்று ஒரு அனுபவசாலி சொல்வது சில சமயம் மரியாதைக்காகச் சுருக்கிச் சொன்ன வாக்கியமாக இருக்கும். கோடு தப்பாக இருந்தால் வேறு எதுவெல்லாம் தப்பாக இருக்குமோ என்பது அதன் மீதிப் பாதி.

பெயிண்ட் கோட்டைவிட ஒட்டுக் கோட்டில்தான் தப்புகள் அதிகம். பட்டை எல்லாமே பெயிண்ட் என்று நினைத்துவிடாதீர்கள். 1969-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் அவை வைனல் டேப். இன்றைக்கு ஸ்டிக்கர் என்போம். டேப் கோட்டைப் பெயிண்ட்டில் அடித்து, கிளியருக்கு அடியில் புதைத்துவிட்டால் எந்த நடுவரும் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். ஆனால் அதைவிடச் சுவாரசியமானது பொருள் மாறிப்போவது.

1970 பாஸ் 302 மஸ்டாங்கைப் பாருங்கள். வடிவமைத்தவர் லாரி ஷினோடா, ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து ஃபோர்டுக்கு வந்தவர். அந்த வருடத்துக் கோடு பானெட் மேலிருந்து கிளம்பி, ஃபெண்டர் (முன் மட்கார்டு) மேலாக இறங்கி, பக்கவாட்டில் பின்னால் ஓடும். அந்த டேப் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரகம், நெடுஞ்சாலைப் பலகைகளில் பார்ப்போமே அது. பகலில் பார்த்தால் சாதாரணக் கறுப்பு மாதிரி இருக்கும். இரவில் ஹெட்லைட் பட்டால் கோடு பளீரென்று எழுந்து நிற்கும். 1969 மஸ்டாங் மாக் 1-ல் பக்கக் கோடும் அதே ரகம்தான். அமெரிக்கன் மோட்டார்ஸ் 1970-ல் விட்ட ரெபெல் மெஷின் இன்னும் வெளிப்படை: வெள்ளை உடம்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் ஒளி திருப்பும் டேப்பில். இவற்றுக்குச் சாதாரண வைனலில் வெட்டிய ஸ்டிக்கர் செட் மலிவாகக் கிடைக்கிறது. பகலில் வித்தியாசம் தெரியாது. விற்பவர் பகலில்தான் காட்டுவார்.

சோதனை ரொம்ப எளிது. இருட்டான ஷெட்டில் நிறுத்தி, செல்போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். உண்மையான ரகமாக இருந்தால் படத்தில் வண்டியைவிடக் கோடு வெளிச்சமாக இருக்கும். எங்கள் பட்டறைக்கு விலை பேச வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு படத்தைத்தான். இதில் தலைகீழான தப்பும் உண்டு: 1969 பாஸ் 302-ன் பக்கவாட்டில் ஆங்கில 'சி' வடிவில் வரும் கோடு ஒளி திருப்பாத மங்கல் கறுப்பு. அடுத்த வருடத்துப் பழக்கத்தில் அதற்கும் ஒளிரும் டேப் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். அந்த வருடம் செய்தது 1,628 வண்டிகள்தான். எண்ணிக்கை குறைவு, பார்த்தவர்கள் குறைவு, அதனால் தப்பு சுலபமாக நிலைத்துவிடுகிறது.

கிறைஸ்லர் பக்கம் போனால் கோடு வாய் திறந்து பேசவே ஆரம்பித்துவிடும். 1971 பிளிமத் கூடாவின் பின்பக்கவாட்டு முழுக்கப் பரவும் 'பில்போர்டு' ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். கதவில் தொடங்கி வால் விளக்குவரை ஒரு பெரிய கறுப்போ வெள்ளையோ, அதன் முனையில் எஞ்சினின் பெயர்: கன அங்குலத்தில் 340, 383, 440, அல்லது ஹெமி என்ற 426. அது வெறும் அலங்காரம் இல்லை, ஒரு சாட்சியம். ஆனால் நான்கு வாசகங்களிலும் ஸ்டிக்கர் கடையில் கிடைக்கிறது. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வண்டிகளின் விலைதான் ஒன்று இல்லை. 2014-ல் ஒரு 1971 ஹெமி கூடா திறந்த வண்டி ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. 383 வைத்துப் பிறந்த வண்டியில் 'ஹெமி' என்று ஒட்டத் தோன்றுவது எந்த ஆசையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்லவேளை, கிறைஸ்லர் வண்டியில் ஷெவெல் மாதிரிக் குழப்பம் கிடையாது. அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். ஆர் என்றால் 426 ஹெமி. வி என்றால் மூன்று கார்புரேட்டர் வைத்த 440. என் என்றால் நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்த 383. எச் என்றால் 340. பி.எஸ்.23.என் என்று தொடங்கும் வண்டியின் பக்கத்தில் ஹெமி என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சிலர் 'பின்னால் எஞ்சின் மாற்றினோம், அதற்கேற்ப ஒட்டினோம்' என்பார்கள். அது நேர்மைதான், ஆனால் அதைத் தொழிற்சாலைக் கோடு என்று சொல்ல முடியாது.

எஞ்சின் அறையில் ஃபெண்டரின் உள்பக்கம் திருகி வைத்திருக்கும் சின்னத் தகரப் பட்டயத்தையும் படியுங்கள். அதில் வி என்று தொடங்கும் குறிகளில்தான் கோட்டின் விவரமும் இருக்கும். 1970 கூடாவில் வி6எக்ஸ் என்றால் ஹாக்கி மட்டை மாதிரி வளையும் கறுப்புக் கோடு. 'கோடு வேண்டாம்' என்பதற்கும் எழுத்து உண்டு. 1968-ல் கிறைஸ்லரின் டாட்ஜ் நிறுவனம் 'ஸ்கேட் பேக்' என்ற பெயரில் வேக வண்டிகளை விற்றபோது வாலைச் சுற்றி ஒரு வண்டுப் பட்டை போட்டார்கள், பம்பிள்பீ என்பார்கள். சார்ஜர் ஆர்/டி-யில் அது சாதாரணமாகவே வரும், வேண்டாம் என்றால் காசில்லாமல் எடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஒரு வண்டிக்கு ஐம்பது வருடம் கழித்து நாம் பட்டை ஒட்டுகிறோம்! அவர் ஆவி சும்மா விடுமா?

கறுப்பிலும் கறுப்பு உண்டு, இதை ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1970-ல் வந்த ஏஏஆர் கூடாவின் பானெட்டில் இருப்பது ஆர்கனோசால் என்ற பொருள். பளபளப்பே இல்லாமல், லேசாகச் சொரசொரத்த ஒரு கறுப்பு. பக்கத்தில் ஓடும் கோடு ஸ்ட்ரோப் மாதிரி: சின்னச் சின்னக் கட்டங்களாகத் தொடங்கி பின்னால் போகப்போகப் பெரிதாகும். பந்தய வீரர் டான் கர்னியின் ஆல் அமெரிக்கன் ரேசர்ஸ் (ஏஏஆர்) அணியின் பெயரில் 2,724 வண்டிகள் செய்தார்கள். புதுப்பித்தவற்றில் பானெட் கண்ணாடி மாதிரி மின்னும். எதிரில் நின்று தலை சீவலாம். பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில் ஓட்டுநர் கண்ணைக் கூசக் கூடாது என்று பந்தய வண்டியில் மங்கலாக வைத்த இடம் அது. அங்கே போய் பாலிஷ் போடுவது அந்த இடத்தின் பிழைப்பையே பறிப்பது.

ப்யூக் ஜிஎஸ்எக்ஸ் பற்றி ஒரே ஒரு வரி. 1970-ல் செய்தது 678. 491 சாடர்ன் மஞ்சள், 187 அப்பல்லோ வெள்ளை, வேறு நிறமே கிடையாது. கறுப்புப் பட்டையின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு இருந்தாக வேண்டும். 1970 என்று சொல்லிக்கொண்டு நீல நிறத்தில் வந்தால் மேற்கொண்டு கோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தத் தப்புகளை எல்லாம் விவரம் தெரியாதவர்கள் செய்கிறார்கள் என்று நினைத்தால் அது சரியில்லை. பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்கள்தான், வேலையை வரிசை மாற்றிச் செய்வதால் வரும் தப்பு. என்னையே உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு 1969 மாக் 1 வந்தது. பழைய கோடு பொரிந்து, வெடித்து, தொட்டால் உதிர்ந்தது. ஹீட் கன் வைத்துப் பொறுமையாக உரித்தேன். அடியில் ஐம்பது வருடம் வெயில் படாத பெயிண்ட், புத்தம் புதிதாக, கோட்டின் நிழல் மாதிரி அப்படியே தெரிந்தது. எவ்வளவு அழகு என்று வியந்தேன். வியந்துவிட்டு, பசை போகட்டும் என்று தேய்த்தேன். மாலையில் பட்டறைக்காரர் வந்து 'அளவு எடுத்தாயா?' என்று கேட்டபோதுதான் உறைத்தது. இடது பக்கம் மட்டும் போயிருந்தது. வலது பக்கத்தை அளந்தால் சந்தையில் கிடைக்கும் செட்டில் வந்த விளக்கத்தாளைவிட ஒரு விரற்கடை கீழே இருந்தது. இடதும் அப்படித்தான் இருந்ததா, இல்லை அன்று இடது பக்கம் ஒட்டியவர் வேறு ஆளா? இனி யாராலும் சொல்ல முடியாது. வலதைப் பார்த்து இடதையும் ஒட்டினோம். வண்டி இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. தொழிற்சாலை அப்படிச் சமமாக விட்டிருக்குமா என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

ஏனென்றால் அசெம்ப்ளி லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். டேப் ஒட்டுகிறவர் கையில் ஸ்குவீஜியோடு (டேப்பை அழுத்தித் தேய்க்கும் பட்டை) சில நிமிடங்களில் ஒரு பக்கத்தை முடிக்க வேண்டும். அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கும். சின்னக் காற்றுக் குமிழி, கதவிடுக்கில் உள்ளே மடித்து விட்ட வால், கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையே கோடு நூலளவு ஏறி இறங்குவது, மாஸ்கிங் தாளுக்கு அடியில் புகுந்த பெயிண்ட் தூசி, இதெல்லாம் சாதாரணம். கமாரோ 1969-ல் ஒஹாயோவின் நார்வுட்டிலும் கலிஃபோர்னியாவின் வான் நைஸிலும் தயாரானது. இரண்டு ஊரிலும் மாஸ்கிங் ஒட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. புதுப்பிக்கும்போது நாம் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு லேசர் கோடு போட்டு ஒட்டுகிறோம். வேலை சுத்தம். அந்தச் சுத்தமே காட்டிக்கொடுக்கிறது. அதற்காக வேண்டுமென்றே குமிழி விட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. கிடைத்த ஆதாரத்தில் இருந்த குறையைத் திரும்பச் செய்வது ஒன்று, குறையைக் கற்பனை செய்வது வேறு.

படங்களைப் பார்த்துச் செய்யலாமே என்பீர்கள். அந்தக் காலத்து விளம்பரப் படங்களும் கேட்டலாக்குகளும் ஒரு பெரிய பொறி. அச்சுக்குக் கொடுக்க வேண்டுமென்று உற்பத்தி தொடங்குவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே படம் எடுத்துவிடுவார்கள். அதில் நிற்பது முன்மாதிரி வண்டி. கோடு கையால் ஒட்டியது. சில சமயம் வரைபடக்காரர் தூரிகையில் தீட்டியது. அதைப் பார்த்து நகலெடுத்தால், யாருக்கும் விற்கப்படாத ஒரு வண்டியை நகலெடுத்தவர் ஆவீர்கள். டீலர் கிடங்கில் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய ஒரிஜினல் ஸ்டிக்கர் கிடைத்தால்கூட, அது விபத்துக்குப் பின் ரிப்பேருக்காக அச்சிட்டதாக இருக்கலாம். லைனில் ஒட்டியதற்கும் அதற்கும் நிறத்தில், நீளத்தில் வேறுபாடு உண்டு.

நம்பக்கூடியது வண்டியேதான், அதுவும் உரிப்பதற்கு முன்னால். ஸ்பாய்லரைக் கழற்றினால் அதன் அடியில், பேட்ஜுக்கு அடியில், ரப்பர் பீடிங்குக்குள்ளே, கதவிடுக்கில், பானெட்டின் முன் விளிம்பு மடிப்பில், பெயிண்டர் மறுமுறை கை வைக்காத இடங்களில் பழைய கோட்டின் துண்டு மிச்சமிருக்கும். மேலே இரண்டு முறை ரீபெயிண்ட் ஆகியிருந்தாலும், நுண்ணிய நீர்த்தாளால் ஓர் இடத்தில் மட்டும் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போனால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக நிறங்கள் வரும். எந்த அடுக்கில் கறுப்பு வருகிறது, அது சிவப்புக்கு நேர் மேலே இருக்கிறதா, இடையில் பிரைமர் புகுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிரைமர் இருந்தால் கோடு பின்னால் வந்தது. கிடைத்த விளிம்பை பட்டர் பேப்பரில் பிரதியெடுத்து, பேனலின் ஓரம், திருகுத் துளை மாதிரி நகராத இடங்களிலிருந்து அளவு குறித்து வைக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாததால்தான் பாதித் தப்புகள்.

இனி உங்கள் நண்பர் விஷயம். கோட்டை இப்போது தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். புதுப்பித்து முடிந்த வண்டியில் பழைய ஆதாரம் ஏற்கெனவே போய்விட்டது. கிளியரை உரித்து மறுபடி மேடு வைத்து அடித்தால் செலவு ஆகும், உண்மை திரும்பாது. முதலில் காகிதம் தேடட்டும். அவர் வாங்கியது ஃபோர்டாக இருந்தால் கெவின் மார்ட்டியிடம் 1967 முதலான தயாரிப்புப் பதிவுகள் இருக்கின்றன, காசு கட்டினால் அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று அறிக்கை வரும். பாண்டியாக் என்றால் பிஎச்எஸ் என்ற நிறுவனம் கொடுக்கும். 1969 ஜிடிஓ ஜட்ஜ் என்று யாராவது மூவர்ணக் கோட்டைக் காட்டினால் அந்தக் காகிதத்தைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். ஷெவர்லேவுக்கு அமெரிக்காவில் அப்படி ஒரு பதிவகம் இல்லை. முதலில் கனடாவில் விற்ற வண்டியாக இருந்தால் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளையில் ஆவணம் கிடைக்கும். அதையும் ஒரு கை பார்க்கலாம்.

மற்றபடி இருப்பது பில்ட் ஷீட். லைனில் வேலை செய்தவர்கள் எதைப் பொருத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்ள அச்சிட்ட தாள். வேலை முடிந்ததும் குப்பையில் போடாமல் வண்டிக்குள்ளேயே எங்காவது சொருகிவிடுவார்கள். ஷெவெலில் அது பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேலே, அல்லது சீட்டின் ஸ்பிரிங்குக்குள் இருக்கும். புதுப்பித்தவர் டேங்கை மாற்றியிருந்தால் அது போயிருக்கும். விற்றவரைக் கேட்டுப் பார்க்கட்டும், சிலர் ஃபைலில் பத்திரமாக வைத்திருப்பார்கள். டேங்க் பழையதுதான் என்றால் இறக்கிப் பார்க்க ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் மேலே தாள் இருந்தால் அவசரத்தில் பிடித்து இழுக்கக் கூடாது. ஐம்பது வருட ஈரமும் துருவும் சேர்ந்து தாள் அப்பளமாகியிருக்கும். இருந்த இடத்திலேயே முதலில் படம் எடுத்து, பிறகு அடியில் மெல்லிய தகடு நுழைத்து எடுத்து, நிழலில் காயவிட்டு, அதன் பிறகுதான் டி88 இருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்கு முன்னால் இசட்25-ஓ இசட்15-ஓ இருக்கிறதா என்றும்.